தென் ஆப்பிரிக்கா என்ற பெயர் எங்கே போனது?

பெரிய மாநாடு எது முடிந்தாலும் அதன் கூட்டறிக்கையை அச்செடுத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்து வாசிப்பது என் பல வருடப் பழக்கம். தலைவர்கள் வரிசையாக நிற்கும் படத்திலிருந்து எனக்கு ஒன்றும் பிடிபடுவதில்லை. அறிக்கையில்தான் விஷயம் இருக்கும். யார் எதற்கு ஒத்துக்கொண்டார்கள், யார் எதற்கு முகம் சுளித்தார்கள், எந்தச் சொல்லுக்காக இழுபறி நடந்தது என்பதெல்லாம் அங்கே கிடக்கும். பழைய அறிக்கையை இடது பக்கம் வைத்து, புதியதை வலது பக்கம் வைத்து வரிவரியாக ஒத்துப் பார்க்கப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

2025 ஜூலையில் ரியோ டி ஜெனீரோவில் பிரிக்ஸ் (பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா, தென் ஆப்பிரிக்கா ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைப் பெயராகக் கொண்ட கூட்டணி) மாநாடு முடிந்து வெளிவந்த அறிக்கை 126 பத்திகள். ஐநா பாதுகாப்பு சபை பற்றிய பத்திக்கு வந்ததும் பென்சில் நின்றுவிட்டது. பாதுகாப்பு சபையின் நிரந்தர உறுப்பினர்கள் என்ற முறையில் சீனாவும் ரஷ்யாவும், பாதுகாப்பு சபை உட்பட ஐநாவில் கூடுதல் பங்கு வகிக்க பிரேசிலும் இந்தியாவும் விரும்புவதை ஆதரிக்கின்றன என்பது அந்த வாக்கியத்தின் சாரம். பிரேசில், இந்தியா. அதோடு முடிந்தது. இரண்டு வருடம் முன்னால் ஜோகன்னஸ்பர்க் அறிக்கையில் பாதுகாப்பு சபை பற்றிய பத்தியில் மூன்று பெயர்கள் இருந்தன: பிரேசில், இந்தியா, தென் ஆப்பிரிக்கா. இடையில் வந்த 2024 கசான் அறிக்கையைத் தேடி எடுத்தேன். அதில் இந்த மூன்று பெயர்களுமே இல்லை. ‘பிரிக்ஸ் நாடுகள் உட்பட’ என்று பொதுவாக எழுதி நகர்ந்துவிட்டார்கள்.

2011-லிருந்து இந்தக் கூட்டணியில் இருக்கும் நாடு, அதன் பெயரிலேயே கடைசி எழுத்தாக நிற்கும் நாடு, தன் கூட்டணியின் அறிக்கையிலேயே ஒரு வரியிலிருந்து எப்படிக் காணாமல் போனது?

காரணம் கூட்டணி வளர்ந்ததுதான். 2024 ஜனவரியில் எகிப்தும் எத்தியோப்பியாவும் உள்ளே வந்தன. பாதுகாப்பு சபையில் ஆப்பிரிக்காவுக்கு இரண்டு நிரந்தர இடங்கள் வேண்டும், அங்கே யார் உட்காருவது என்பதை ஆப்பிரிக்க ஒன்றியமே முடிவு செய்யும் என்பது 2005-லிருந்து அந்தக் கண்டத்தின் பொது நிலைப்பாடு. அப்படியிருக்க, இன்னொரு மேசையில் தென் ஆப்பிரிக்காவின் பெயரை மட்டும் எழுதினால் எகிப்தும் எத்தியோப்பியாவும் எப்படிச் சம்மதிக்கும்? 2025 ஏப்ரலில் இதே ரியோவில் கூடிய வெளியுறவு அமைச்சர்கள் கூட்டறிக்கையே இல்லாமல் கலைந்ததற்கு இந்த ஒரு வரிதான் முக்கியக் காரணம்.

நான் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன். இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி கேட்டார்: “சார், ஆள் கூடக் கூட பலம் கூடத்தானே செய்யணும்?” அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்குத்தான்.

பிரிக்ஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது பலருக்கும் தெரிந்த கதை. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2001 நவம்பரில் கோல்ட்மேன் சாக்ஸ் முதலீட்டு வங்கியின் பொருளாதார நிபுணர் ஜிம் ஓ நீல், பிரேசில், ரஷ்யா, இந்தியா, சீனா ஆகிய நான்கின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ஒரு ஆய்வறிக்கைக்குத் தலைப்பு வைத்தார். முதலீட்டாளர்களுக்காக உண்டான சொல் அது. அந்தப் பெயரில் கோல்ட்மேன் சாக்ஸ் நடத்திய முதலீட்டு நிதி 2015-ல் இன்னொரு நிதியோடு சேர்க்கப்பட்டு முடிந்துபோனது. கூட்டணி மட்டும் நின்றது.

நின்றதற்குக் காரணம், அந்த நான்கு நாடுகளுக்கும் பொதுவாக ஒரு மனக்குறை இருந்ததுதான். அது ஓ நீல் எழுதுவதற்கு வெகுகாலம் முன்பே இருந்த குறை. 1955-ல் இந்தோனேசியாவின் பாண்டுங் நகரில் 29 ஆசிய, ஆப்பிரிக்க நாடுகள் கூடியபோதும் பேசியது அதைத்தான். எங்களைப் பற்றிய முடிவுகள் நாங்கள் இல்லாத அறையில் எடுக்கப்படுகின்றன என்ற குறை. 1964-ல் உருவான 77 நாடுகள் குழுவும், 1974-ல் ஐநா பொதுச்சபையில் எழுந்த புதிய சர்வதேசப் பொருளாதார ஒழுங்குக்கான கோரிக்கையும் அதே குரல்தான். அன்றைக்குக் குரல் இருந்தது, கையில் காசு இல்லை. 2000-களில் காசு வந்தது. சீனாவிடம் அந்நியச் செலாவணி மலையாகக் குவிந்தது, ரஷ்யாவிடம் எண்ணெய்ப் பணம் சேர்ந்தது, பிரேசிலின் சோயாவும் இரும்புத்தாதும் நல்ல விலைக்குப் போயின, இந்தியா வேகமாக வளர்ந்தது.

2006 செப்டம்பரில் நியூயார்க்கில், ஐநா பொதுச்சபைக் கூட்டத்தின் ஓரமாக நான்கு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் முதல் தடவை சந்தித்தார்கள். அத்தோடு நின்றுபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. 2008 செப்டம்பரில் அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் திவாலாகி, பணக்கார நாடுகளின் வங்கிகளே ஆட்டம் கண்டபோதுதான் நிலைமை மாறியது. ஊருக்கெல்லாம் நிதி ஒழுக்கம் சொன்னவர்கள் வீட்டிலேயே தீ. அணைக்கப் பணம் தேவை, பணம் இருந்தது வளரும் நாடுகளிடம். ஜி20 அமைப்பு நிதியமைச்சர்கள் மட்டத்திலிருந்து தலைவர்கள் மட்டத்துக்கு உயர்ந்தது அந்த நவம்பரில்தான். அடுத்த வருடம் ஜூன் 16-ல் ரஷ்யாவின் யெகாத்தரின்பர்க்கில் லூலா, மெத்வெதேவ், மன்மோகன் சிங், ஹூ ஜிந்தாவ் நால்வரும் கூடி முதல் உச்சி மாநாட்டை நடத்தினார்கள். சர்வதேச நிதி அமைப்புகளில் எங்களுக்கு உரிய இடம் வேண்டும் என்று நேராகவே கேட்டார்கள்.

என்ன கிடைத்தது? நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் தரும் சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்தக் கூட்டணியின் கோபம் முழுக்க அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அங்கே ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு கிடையாது, பங்குக்கேற்ற ஓட்டு. முக்கியமான முடிவுகளுக்கு 85 சதவீத ஓட்டு வேண்டும். அமெரிக்காவிடம் இருப்பது சுமார் 16.5 சதவீதம். அதாவது உலகத்தில் மற்ற எல்லா நாடும் ஒருபக்கம் நின்றாலும், அமெரிக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான். சீனாவுக்கு 6 சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிய ஓட்டு. பிரிட்டனுக்கும் பிரான்ஸுக்கும் தலா 4 சதவீதம். வாங்கும் சக்தி அடிப்படையில், அதாவது அந்தந்த நாட்டு விலைவாசிக்கேற்பக் கணக்கிட்டால், அவை இரண்டையும்விடப் பெரிய பொருளாதாரமாகிவிட்ட இந்தியாவுக்கு 2.6.

இதைச் சரிசெய்ய 2010-ல் ஒரு ஒப்பந்தம் ஆனது. வளரும் நாடுகளுக்கு 6 சதவீதப் புள்ளிக்கு மேல் பங்கை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். நடுவில் ஐந்து வருடம் அமெரிக்க நாடாளுமன்றம் அதற்கு ஒப்புதல் தராமல் கிடப்பில் போட்டிருந்தது. அதற்கப்புறம் 2023 டிசம்பரில் எல்லோருடைய பங்கையும் ஒரே விகிதத்தில் 50 சதவீதம் உயர்த்த முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் ஒரே விகிதம் என்றால் யாருடைய எடையும் மாறாது, பழைய தராசு அப்படியே இருக்கும். நிதியத்தின் தலைவர் நாற்காலி இன்றுவரை ஐரோப்பியர்களுக்கு, உலக வங்கியின் தலைவர் நாற்காலி அமெரிக்கர்களுக்கு. இது எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. 80 வருடமாக நடந்துவருகிறது.

அந்த ஐந்து வருடக் காத்திருப்பில்தான் பிரிக்ஸ் செய்த உருப்படியான காரியம் நடந்தது. 2014 ஜூலையில் பிரேசிலின் ஃபோர்டலேசாவில் புதிய வளர்ச்சி வங்கிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். அனுமதிக்கப்பட்ட மூலதனம் 10,000 கோடி டாலர். ஆரம்பத்தில் ஐந்து நாடுகளும் தலா 1,000 கோடி டாலர் பங்கு எடுத்தன. சீனாவும் 1,000 கோடி, தென் ஆப்பிரிக்காவும் 1,000 கோடி. ஆகவே ஓட்டும் சமம். யாருக்கும் வீட்டோ கிடையாது. தலைமையகம் ஷாங்காயில், முதல் தலைவர் இந்தியாவிலிருந்து கே.வி. காமத், இயக்குநர் குழுவின் முதல் தலைமை பிரேசிலுக்கு, ஆளுநர்கள் குழுவின் முதல் தலைமை ரஷ்யாவுக்கு என்று பொறுப்புகளையும் பகிர்ந்துகொண்டார்கள். இப்போது தலைவராக இருப்பவர் பிரேசிலின் முன்னாள் அதிபர் தில்மா ரூசெஃப்.

இந்தச் சம பங்கு என்பது சாதாரண விஷயமா? சீனப் பொருளாதாரம் மற்ற பிரிக்ஸ் நாடுகள் அத்தனையும் சேர்ந்ததைவிடப் பெரியது. தன் எடைக்கேற்ற ஓட்டு வேண்டும் என்று சீனா பிடிவாதம் பிடித்திருந்தால் இந்த வங்கி இன்னொரு சீன வங்கியாக இருந்திருக்கும். இந்தியா விடாமல் கேட்டது, சீனா இறங்கி வந்தது. எனக்கு இந்தக் கூட்டணியின் மேல் நம்பிக்கை வந்த இடம் இதுதான், மறைக்க ஒன்றுமில்லை. நாணய நிதியமும் உலக வங்கியும் இருக்கும் வாஷிங்டனில் எதை எதிர்த்துப் பேசினார்களோ, அதைத் தங்கள் சொந்த மேசையில் செய்யாமல் இருந்தார்கள்.

வங்கி என்ன செய்கிறது என்பதை ஒரு உதாரணத்தில் காட்டுகிறேன். வகுப்பில் நான் கரும்பலகையில் போடும் கணக்கு இது. பிரேசிலில் ஒரு நகராட்சி குடிநீர்த் திட்டத்துக்காக 2014-ன் நடுவில் பத்து கோடி டாலர் கடன் வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஒரு டாலருக்கு சுமார் 2.2 ரியால் (பிரேசில் நாணயம்). ஆக அது 22 கோடி ரியால் கடன். குழாய் போட்டாயிற்று, தண்ணீர் வருகிறது, மக்கள் ரியாலில் கட்டணம் கட்டுகிறார்கள். 2024 முடியும்போது ஒரு டாலர் 6 ரியாலைத் தாண்டிவிட்டது. அசல் முழுவதும் அப்படியே நிற்கிறது என்றால் இப்போது அது 60 கோடி ரியாலுக்கு மேல். வட்டி தனி. நகராட்சி ஒரு தப்பும் செய்யவில்லை. தண்ணீர் விற்ற காசு ரியாலில், கடன் டாலரில் என்பது மட்டுமே அதன் பிரச்சினை. இந்த ஏற்றத்தைத் தண்ணீர்க் கட்டணத்தில் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அரசாங்கம் வேறு எதையாவது வெட்டிக் கட்ட வேண்டும்.

அதே கடன் ரியாலிலேயே கிடைத்திருந்தால்? வட்டி கூடுதலாக இருக்கும், உண்மைதான். ஆனால் கடன் எவ்வளவு என்பது முதல்நாளே தெரிந்திருக்கும். புதிய வளர்ச்சி வங்கி செய்ய முயல்வது இதைத்தான். 2016-லேயே சீன யுவானில் 300 கோடிக்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. 2023 ஆகஸ்டில் தென் ஆப்பிரிக்க ராண்டில் 150 கோடிக்கு வெளியிட்டது. 2022 முதல் 2026 வரையிலான திட்டக் காலத்தில், கொடுக்கும் கடனில் 30 சதவீதத்தை உறுப்பு நாடுகளின் சொந்த நாணயத்தில் கொடுப்பது என்று இலக்கு வைத்திருக்கிறது. டாலரை ஒழிப்பது பற்றிய பெரிய பேச்சுகளைவிட இந்த 30 சதவீதம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கடன் வாங்குகிற மனிதனுக்கு இதில்தான் வித்தியாசம் தெரியும்.

அதற்காக வங்கியைத் தலையில் தூக்கி வைக்கவும் முடியாது. இதுவரை 120-க்கும் மேற்பட்ட திட்டங்களுக்கு ஒப்புதல் தந்திருக்கும் தொகை 4,000 கோடி டாலரை ஒட்டி. உலக வங்கிக் குழுமம் ஒரே நிதியாண்டில் ஒதுக்குவது அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். டில்லி–காஜியாபாத்–மீரட் விரைவு ரயில் பாதைக்கு இந்த வங்கி 50 கோடி டாலர் தந்தது, கோவிட் காலத்தில் உறுப்பு நாடுகளுக்கு அவசரக் கடன் தந்தது. நல்ல காரியங்கள். ஆனால் 2022 மார்ச்சில், உக்ரைன் போர் தொடங்கிய சில நாட்களிலேயே, ரஷ்யாவில் புதிய கடன்களை நிறுத்திவைப்பதாக வங்கி அறிவித்தது. ரஷ்யா அதன் நிறுவனர். ஆனாலும் நிறுத்தியது. வங்கி நடத்தத் தேவையான பணத்தின் பெரும்பகுதியை டாலர் சந்தையில்தான் திரட்ட வேண்டும், அங்கே கடனைத் திருப்பித் தரும் தகுதிக்கு நல்ல மதிப்பீடு வேண்டும், தடைக்கு ஆளான நாட்டுக்குக் கடன் கொடுத்தால் அந்த மதிப்பீடு போய்விடும். மாற்று வழியாகக் கட்டிய வீட்டுக்கும் அஸ்திவாரம் பழைய இடத்தில்தான் இருக்கிறது.

ஃபோர்டலேசாவில் இன்னொன்றுக்கும் கையெழுத்தானது. நெருக்கடியில் ஒருவருக்கொருவர் கைகொடுக்க 10,000 கோடி டாலர் அவசரகாலக் கையிருப்பு ஏற்பாடு. சீனா 4,100 கோடி, பிரேசில், ரஷ்யா, இந்தியா தலா 1,800 கோடி, தென் ஆப்பிரிக்கா 500 கோடி. இன்றுவரை இதிலிருந்து யாரும் கடன் எடுத்ததில்லை. 2020 ஜூலையில் தென் ஆப்பிரிக்காவுக்கு நெருக்கடி வந்தபோது அது போய் நின்றது சர்வதேச நாணய நிதியத்தின் வாசலில். 430 கோடி டாலர் கிடைத்தது. பிரிக்ஸ் ஏற்பாட்டில் தென் ஆப்பிரிக்கா அதிகபட்சம் 1,000 கோடி எடுக்கலாம் என்றாலும், அதில் 30 சதவீதத்துக்கு மேல் வேண்டுமென்றால் அந்த நிதியத்தின் திட்டத்துக்கும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. யாரை நம்பக்கூடாது என்று தொடங்கினார்களோ, அவரையே உத்தரவாதத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். பத்து வருடம் கழிந்தும் இந்த விதியை மாற்றாதது எனக்குப் பெரிய வருத்தம்.

டாலர் விஷயத்துக்கு வருவோம். 2022-ல் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் கையிருப்பை மேற்கு நாடுகள் முடக்கியபோது உலகம் முழுக்க மத்திய வங்கிகள் ஒரு பாடம் கற்றுக்கொண்டன. உக்ரைன் மேல் ரஷ்யா நடத்திய படையெடுப்பை நான் எந்த வகையிலும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாட்டின் சேமிப்பை இன்னொரு நாடு ஒரே உத்தரவில் பூட்ட முடியும் என்பதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்கப்புறம் 2022, 2023, 2024 என மூன்று வருடமும் மத்திய வங்கிகள் வருடத்துக்கு 1,000 டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின.

சரி, டாலர் இல்லாமல் வியாபாரம் செய்ய முடியுமா? இந்தியாவும் ரஷ்யாவும் செய்து பார்த்தன. 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி ரூபாயிலேயே கணக்குத் தீர்க்க வழி திறந்துவிட்டது. இந்தியா ரஷ்யாவிடம் கச்சா எண்ணெயை வாங்கிக் குவித்தது. 2024-25 நிதியாண்டில் இரு நாட்டு வர்த்தகம் சுமார் 6,870 கோடி டாலர். அதில் இந்தியா வாங்கியது சுமார் 6,380 கோடிக்கு. விற்றது 490 கோடி டாலருக்கும் கீழே. இப்போது ரஷ்ய விற்பனையாளரின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். எண்ணெய்க்கு ஈடாக உங்கள் கணக்கில் ரூபாய் மலையாகச் சேர்கிறது. அதை வைத்து இந்தியாவில் எதையாவது வாங்க வேண்டும். ஆனால் உங்கள் நாடு இந்தியாவிடம் வாங்குவதோ பதின்மூன்றில் ஒரு பங்கு. மீதி ரூபாயை என்ன செய்வது? 2023 மே மாதம் கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ், இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் தேங்கிக் கிடப்பதையும் அதை வேறு நாணயமாக மாற்ற வேண்டியிருப்பதையும் வெளிப்படையாகவே சொன்னார். கடைசியில் பெரும்பகுதி வேறு நாணயங்களுக்குப் போனது, ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹாம் அதில் ஒன்று.

உலகின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலர் இன்னும் பாதிக்கு மேல். செலாவணிச் சந்தையில் நடக்கும் பத்துப் பரிவர்த்தனைகளில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பக்கம் டாலர்தான். பொது நாணயம் வரப்போகிறது என்று ஒவ்வொரு மாநாட்டுக்கு முன்பும் செய்தி கிளம்புகிறது. இந்தியாவோ டாலரை ஒழிப்பது எங்கள் கொள்கை இல்லை என்று திரும்பத் திரும்பச் சொல்லிவருகிறது. டாலரின் இடத்தில் யுவானை உட்கார வைக்க இந்தியா எதற்குச் சம்மதிக்கும்?

இந்தியா, சீனா என்று வந்துவிட்டதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டணியால் எல்லையில் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் இரண்டு தேதிகளைக் காட்டுவேன். 2017-ல் டோக்லாமில் இரு ராணுவங்களும் இரண்டு மாதத்துக்கு மேல் நேருக்கு நேர் நின்றன. விலகுவதாக அறிவிப்பு வந்தது ஆகஸ்ட் 28. சீனாவின் ஷியாமனில் பிரிக்ஸ் மாநாடு தொடங்கியது செப்டம்பர் 3. அடுத்து, 2020 கல்வான் மோதலுக்குப் பிறகு நான்கு வருடம் இறுகிக் கிடந்த லடாக் எல்லையில் ரோந்து பற்றி உடன்பாடு வந்ததாக இந்தியா அறிவித்தது 2024 அக்டோபர் 21. கசான் மாநாடு தொடங்கியது 22. மோடியும் ஷி ஜின்பிங்கும் அங்கே உட்கார்ந்து பேசினார்கள், ஐந்து வருடத்தில் முதல் முறையான சந்திப்பு அது. மாநாடு சண்டையைத் தீர்த்தது என்று நான் சொல்ல வரவில்லை. வீட்டில் விசேஷம் வருகிறது, அதற்குள் பேசி முடித்துவிடுவோம் என்று பங்காளிகள் நினைப்பது போல, ஒரு கெடுவை அது உண்டாக்கித் தந்தது. கெடு இல்லாத பேச்சுவார்த்தை எத்தனை வருடம் இழுக்கும் என்று நமக்குத் தெரியும்.

இனி விரிவாக்கம். 2023 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் ஆறு நாடுகளுக்கு அழைப்பு விடுத்தார்கள்: அர்ஜென்டினா, எகிப்து, எத்தியோப்பியா, ஈரான், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம். அர்ஜென்டினாவில் டிசம்பரில் பதவிக்கு வந்த மிலேய், வருடம் முடிவதற்குள் வரவில்லை என்று கடிதம் எழுதிவிட்டார். சவூதி வந்ததா வரவில்லையா என்பதே நீண்டகாலம் தெளிவில்லாமல் கிடந்தது. 2025 ஜனவரியில் இந்தோனேசியா முழு உறுப்பினரானது. பாண்டுங் மாநாட்டை நடத்திய நாடு எழுபது வருடம் கழித்து உள்ளே வந்ததில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மகிழ்ச்சி. அதே மாதத்திலிருந்து ‘கூட்டாளி நாடு’ என்று இன்னொரு வளையம். கியூபா, மலேசியா, தாய்லாந்து, கஜகஸ்தான், நைஜீரியா என்று வரிசை நீள்கிறது. ஜூனில் வியட்நாமும் சேர்ந்தது. வாங்கும் சக்தி அடிப்படையில் கணக்கிட்டால் உலக உற்பத்தியில் சுமார் 40 சதவீதம் இப்போது பிரிக்ஸ் நாடுகளிடம்.

எண்ணெய் விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் கூடவே எது வந்தது என்று பாருங்கள். நைல் நதியின் குறுக்கே எத்தியோப்பியா கட்டிய அணையை எகிப்து தன் உயிர்ப் பிரச்சினையாகப் பார்க்கிறது. ஹோர்முஸ் நீரிணை அருகிலுள்ள மூன்று தீவுகளுக்காக ஈரானும் அமீரகமும் அரை நூற்றாண்டாக மல்லுக்கட்டுகின்றன. இந்தச் சண்டைகள் எல்லாம் இப்போது வீட்டுக்குள். எல்லோரும் சம்மதித்தால்தான் ஒரு வரி அறிக்கையில் ஏறும் என்பது பிரிக்ஸின் வழக்கம். ஐந்து பேர் சம்மதிக்கும் வாக்கியத்துக்கும் பத்துப் பேர் சம்மதிக்கும் வாக்கியத்துக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் தென் ஆப்பிரிக்காவின் பெயரில் பார்த்தேன்.

அதே ரியோ அறிக்கையில் இன்னும் சில இடங்களில் பென்சில் கோடு இருக்கிறது. 2025 ஏப்ரல் 22 பஹல்காம் தாக்குதலை மிகக் கடுமையாகக் கண்டிக்கிறார்கள். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை. ஜூன் 13 முதல் ஈரான் மேல் நடந்த ராணுவத் தாக்குதல்களைக் கண்டிக்கிறார்கள். தாக்கியது யார் என்று அந்தப் பத்தி சொல்லவில்லை. ஒருதலைப்பட்ச சுங்கவரிகள் பற்றிக் கவலை தெரிவிக்கிறார்கள். அமெரிக்கா என்ற சொல் அங்கே வரவில்லை. ரஷ்யாவின் பாலங்கள், ரயில் பாதைகள் மேல் நடந்த தாக்குதல்களைக் கண்டிக்கிறார்கள். உக்ரைன் நகரங்களில் குண்டு விழுந்து செத்தவர்களுக்கு அப்படி ஒரு வரி இல்லை. இதை வாசித்தபோது எனக்குக் கோபமே வந்தது. காலனி ஆட்சியை அனுபவித்த நாடுகளின் கூட்டம், படையெடுக்கப்பட்ட நாட்டைப் பற்றிப் பேசும்போது வாயை மூடிக்கொள்ளலாமா?

அந்த மாநாட்டுக்கு ஷி ஜின்பிங் வரவில்லை, பிரதமர் லி சியாங்கை அனுப்பினார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருப்பதால் புதின் காணொளியில் பேசினார். கூட்டம் சோர்ந்துதான் இருந்தது. வெளியிலிருந்து வந்த அடிதான் அதை நிமிர்த்தியது என்று நினைக்கிறேன். பிரிக்ஸின் பக்கம் சாயும் நாடுகளுக்கு 10 சதவீதம் கூடுதல் வரி என்று டிரம்ப் மாநாட்டு நாளிலேயே மிரட்டினார். சில நாட்களில் பிரேசிலுக்கு 50 சதவீத வரி அறிவித்தார். ஆகஸ்ட் கடைசியில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி இந்தியாவுக்கும் மொத்தம் 50 சதவீதம். பத்துப் பேருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம் எழுத முடியாமல் திணறியவர்களுக்கு, பொதுவாக ஒரு பாதிப்பு கிடைத்தது.

அந்த மாணவியிடம் இப்போது நான் சொல்லக்கூடியது இதுதான்: ஆள் கூடினால் சந்தை கூடும், எண்ணெய் கூடும், படத்தில் தலைகள் கூடும். பேரம் பேசும் பலம் வேறு இடத்திலிருந்து வரும். 2020 அக்டோபரில் கோவிட் தடுப்பூசிகளின் காப்புரிமையைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டும் என்று உலக வர்த்தக அமைப்பில் முதலில் எழுந்து கேட்டது இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும், இரண்டே நாடுகள். நூறுக்கும் மேற்பட்ட நாடுகள் பின்னால் வந்து நின்றன. 2022 ஜூனில் கிடைத்தது கேட்டதில் ஒரு பகுதிதான், அதுவும் தாமதமாக. ஆனாலும் பணக்கார நாடுகளை அந்த மேசைக்கு இழுத்தது அந்த இரண்டு பேரும் சேர்ந்து எழுதிய சில பக்கங்கள். அப்படி எழுதிய தோழனின் பெயர் இன்றைக்கு அறிக்கையில் இல்லாமல் போனதுதான் எனக்கு உறுத்துகிறது.

2026-க்குத் தலைமை இந்தியாவிடம். அறிக்கை கைக்கு வந்ததும் நான் முதலில் திருப்பப்போகும் பக்கம் பாதுகாப்பு சபைப் பத்தி. ஆப்பிரிக்க ஒன்றியத்தின் முடிவையும் மதித்து, தென் ஆப்பிரிக்காவையும் விட்டுக்கொடுக்காமல் ஒரு வாக்கியம் எழுத முடியாதா? எகிப்து, எத்தியோப்பிய அதிகாரிகளோடு உட்கார்ந்து பேச இந்தியாவுக்கு இருக்கும் உறவு மற்றவர்களுக்குக் குறைவுதான். அப்புறம் வங்கியின் ஆண்டறிக்கை. அந்த 30 சதவீதத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டிய வருடமும் இதுதான். சொந்த நாணயக் கடன் எவ்வளவு, அதில் யுவான் போக மீதி எவ்வளவு என்று பார்க்க வேண்டும். ரியோ அறிக்கை இன்னும் மேசையின் இடது பக்கத்திலேயே இருக்கிறது.